நெஞ்சு வலிக்கு முதலில் எது

ஜூன் 3, செவ்வாய்

நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் என்க்ளெக்ஸ் (அமெரிக்காவில் நர்ஸ் லைசன்ஸுக்கான தேர்வு) கேள்விகள் முப்பது போட்டேன். நெஞ்சு வலி பற்றி எட்டு வந்தன, ஐந்து தப்பு. எட்டு வருஷமாக கார்டியாக் வார்டில் இருக்கிறவளுக்கு இது அவமானம்தான். தப்பான ஐந்தில் மூன்றுக்கு ஒரே விடையைத் தட்டியிருக்கிறேன்: டாக்டருக்குத் தெரிவி. வார்டில் என் கை முதலில் இண்டர்காமுக்குத்தான் போகும். தேர்வுக்காரன் கேட்பது, டாக்டர் வந்து சேரும் வரைக்கும் நீ என்ன செய்வாய் என்று.

ஜூன் 5, வியாழன்

காலேஜில் மனப்பாடம் செய்த 'மோனா'தான் என்னைக் கெடுத்திருக்கிறது. மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரோகிளிசரின் (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து), ஆஸ்பிரின். நினைவில் நிற்பதற்காகக் கோத்த எழுத்துகள் அவை, செய்கிற வரிசையே இல்லை. மார்ஃபின் நைட்ரோவுக்கும் அடங்காத வலிக்கு. ஆக்சிஜன், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90 சதவீதத்துக்குக் கீழே போனாலோ மூச்சு வாங்கினாலோதான். இன்றைய கேள்வியில் 97 என்று தெளிவாகப் போட்டிருந்தது. படித்துவிட்டே மாஸ்க் மாட்டினேன்! ஈசிஜி 10 நிமிடத்துக்குள். இதயத் தசை அடிபட்டதை ரத்தத்தில் காட்டும் ட்ரோபோனின் ஏறவே சில மணி நேரம் ஆகும், அதற்காகக் காத்திருக்கச் சொல்லும் விடை எதுவானாலும் அடித்துவிடலாம்.

ஜூன் 8, ஞாயிறு

ராத்திரி இரண்டே முக்கால். பாத்ரூம் போய்விட்டு வந்த ஐயா ஒருவர் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் வேர்வை. "வாயுதாம்மா, ஒரு ஜெலுசில் குடு, சரியாயிடும்." அட்டெண்டர் கையைத் தாங்கிக் கட்டிலுக்கு நடத்திப் போகப் பார்த்தார். "நடக்க விடாதீங்கண்ணே, இங்கேயே உக்கார வைங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். வலியோடு நடப்பவரை முதலில் நிறுத்து என்று வெள்ளிக்கிழமைதான் ஒரு கேள்வியில் படித்திருந்தேன்.

நைட்ரோ வகையைச் சேர்ந்த சார்பிட்ரேட் மாத்திரையைக் கையில் எடுத்தாயிற்று. பிபி 96/60. அப்படியே வைத்துவிட்டு ட்ராலியில் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தேன். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற மூன்று லீடிலும் எஸ்டி கோடு தூக்கி நின்றது, இதயத்தின் அடிப்பக்கத்தில் அட்டாக். டியூட்டி டாக்டர் ஓடி வந்ததும் கேட்டது, "சார்பிட்ரேட் குடுத்துட்டீங்களா சிஸ்டர்?" இல்லை என்றேன். "நல்லது, ரைட் சைடு லீட் போடுங்க" என்றார். வலது பக்க அறையும் அடிபட்டிருந்தால் அந்த மாத்திரை பிபியை அப்படியே கவிழ்த்துவிடும். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னோம். அடைப்பை நீக்கும் கேத் லேபுக்கு ஏற்றிப் போகும்போது அவர் வீட்டம்மா வராந்தாவில் அவருடைய இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, வியாழன்

எட்டுக்கு ஏழு! நான்கு பேரில் யாரை முதலில் பார்ப்பாய் என்ற கேள்வியில், ஓய்வெடுத்ததும் வலி நின்றுபோன ஆஞ்சைனாக்காரரை விட்டுவிட்டு, தாடை வலி, வேர்வை என்று சொன்ன சர்க்கரை நோயாளி அம்மாவைச் சரியாகப் பிடித்தேன். இவர்களுக்கு நெஞ்சே வலிக்காமலும் அட்டாக் வரும்.

தப்பியது நைட்ரோ. நாக்குக்கடியில் 0.4 மில்லிகிராம், 5 நிமிட இடைவெளியில் மூன்று தடவை வரை என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். கொடுக்கும் முன் வயாகரா போட்டாரா என்று கேட்க வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். அது போட்டு 24 மணி நேரம், அதே வகை மாத்திரையான டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரோ கூடாது. வார்டிலும் நான் ஒழுங்காகக் கேட்டதில்லை. மகனும் மருமகளும் கட்டிலைச் சுற்றி நிற்க, "வேற ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" என்று பொதுவாகக் கேட்பேன். அவரும் பொதுவாக இல்லை என்பார். இனி அவர்களைப் பழைய ஃபைல் எடுத்து வர அனுப்பிவிட்டு, பேரைச் சொல்லியே கேட்க வேண்டும்.