டூ

ஸ்டாக்ஹோமின் வடமேற்கே, கிஸ்தா என்று எழுதி ஷீஸ்தா என்று உச்சரிக்கப்படும் புறநகரில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அலுவலகச் சமையலறையில் பாத்திரத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த தாளைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'உன் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை' என்று வந்தது. குடித்த கோப்பையை அப்படியே போட்டுவிட்டுப் போகாதே என்பதுதான் பொருள். இந்த நாட்டு அலுவலகங்களில் அது பழகிப்போன கேலி என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் 7,000 கிலோமீட்டர் தள்ளி மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவை யாரோ வம்புக்கு இழுத்தது போலச் சுருக்கென்றது.

அருகிலேயே, எங்கள் பிரிவில் 40 பேருக்கு மேலாளரான பெண்மணி, மற்றவர்கள் விட்டுப்போன கோப்பைகளைக் கழுவும் இயந்திரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நீங்கள் விடுங்கள் மேடம்" என்று பதறி ஓடினேன். இந்த வாரம் சமையலறை தன் முறை என்றும், இங்கே மேடம் என்று யாரும் இல்லை என்றும் சிரித்தபடி சொன்னார்.

ஆங்கிலத்தில் பேசிய வரையில் தப்பித்தேன். 'யூ' என்பதை மனத்துக்குள் 'நீங்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடிஷ் கற்கத் தொடங்கியதும் அந்த மறைப்பும் போயிற்று. மேலாளர், மருத்துவர், பேராசிரியர் எல்லாருக்கும் ஒரே 'டூ', அதாவது நம் 'நீ'. 1967-இல் அரசின் மருத்துவ நிர்வாகத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர் அனைவரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்ததை இந்த மாற்றத்தின் அடையாளமாகச் சொல்கிறார்கள். சிறு வயதில் சண்டை போட்டுப் பேச்சை முறிக்க நாம் விட்ட 'டூ'வைக் கொண்டு இங்கே மேலாளரிடம் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கூட்டங்களில் அவர் உத்தரவிடுவதில்லை, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சென்னையில், மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் 9 ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அந்தக் கேள்வி எலிப்பொறியாகவே தோன்றியது. எல்லாரும் ஒப்பும்வரை முடிவு வராது. அதை நங்கூரமிடுவது என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். ஒரு தரவுத்தளத்தைத் தேர்வு செய்ய நான்கு கூட்டங்கள் கடந்தபோது, 'நாளைக்குள் முடி' என்று சொல்ல ஒரு சார் இருந்தால் தேவலை என்று ஏங்கியதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

விடுப்பு விஷயத்தில்தான் முழுதாகத் தோற்றேன். சட்டப்படி ஆண்டுக்கு 25 நாள் உண்டு. கோடையில் தொடர்ந்து நான்கு வாரம் எடுக்கவும் உரிமை உண்டு. நான் தயங்கித் தயங்கி ஒரு வாரம் கேட்டேன். மேலாளர் தனியறைக்கு அழைத்து, வேலைச் சுமை அதிகமா, ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தார். அவருக்கு எப்படி விளக்குவது? என் தங்கையின் திருமணத்தன்று, மண்டபத்துச் சாமான் அறையில், பட்டு வேட்டியுடன் தரையில் அமர்ந்து, தேங்காய் மூட்டையின் மேல் மடிக்கணினியைச் சாய்த்து வைத்து ரிலீஸ் வேலை பார்த்தவன் நான். கெட்டிமேளம் முழங்கியபோது, அழைப்பில் இருந்த சார், அதாவது என் அப்போதைய மேலாளர், "என்னப்பா சத்தம், மியூட் பண்ணு" என்றார். தாலி கட்டியதை நான் வீடியோவில்தான் பார்த்தேன். அந்த மனிதரை இன்றும் முழுதாக மன்னிக்கவில்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கைப்பேசிக்கு உயிர் வந்த அன்று, முதலில் அழைத்து "சாப்பிட்டியா?" என்று கேட்டவரும் அவர்தான். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் அத்துமீறல் ஆகிவிடுமோ என்று அவர்களுக்கு ஒரு கூச்சம்.

பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். சென்ற ஜூலையில் நான்கு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். இருப்புக் கொள்ளாமல் மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு, ஆகஸ்டு வரை எதையும் பார்க்கமாட்டேன் என்று தானியங்கிப் பதில் வந்தது. அன்று மாலை திண்ணையில் காபி குடித்து முடித்தபோது பழைய சார் அழைத்தார்.

"ஊருக்கு வந்திருக்கியாமே?"

"ஆமா சார், சொல்லுங்க சார்."

அம்மா என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டே, "உக்காந்துதான் பேசேன்டா" என்றாள்.