உயரமான குவளையில் அதிகத் தண்ணீரா?

அகலக் கிண்ணத்துத் தண்ணீரை ஒடுங்கிய, உயரமான குவளைக்கு மாற்றினால், ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பலர் தண்ணீர் கூடிவிட்டதாகவே சொல்வார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டினார். என் மகளும் அப்படித்தான் சொன்னாள். எனவே, 1 லிட்டர் என்பது 1,000 மில்லிலிட்டர் என்று மனப்பாடம் செய்ய வைப்பதற்கு முன், குழந்தைகளை ஊற்றிப் பார்க்க விடுவதே முறை என்பது என் கருத்து. இருமல் மருந்தின் 5 மில்லிலிட்டர் மூடியால் இருபது முறை ஊற்றி, அளவுக் குவளையின் 100 மில்லிலிட்டர் கோட்டை எட்டும்போது, பெருக்கல் வாய்ப்பாடும் கூடவே வந்துவிடுகிறது. (தரை நனையும், துணி ஒன்று அருகில் இருக்கட்டும்.) வெற்றுத் தண்ணீர் பாட்டிலை அளவியாகக் கொள்ள வேண்டாம்; விளிம்புவரை நிரப்பினால், அச்சிட்ட அளவைவிடச் சற்று அதிகமாகவே பிடிக்கும். கோட்டைப் படிக்கும்போது குவளையைக் கையில் தூக்காமல் சமதளத்தில் வைத்து, குழந்தையைக் குனிந்து கண்மட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.