எச்சரிக்கை போய்ச் சேர்ந்த பிறகு

காவல்துறை உளவுப் பிரிவில் எனக்கு மேசை வேலை. மாறுவேடம், பின்தொடர்தல் எல்லாம் கிடையாது. மேலிருந்து வரும் தகவலைச் சுருக்கி, சுற்றறிக்கையாக்கிக் கீழே அனுப்ப வேண்டும். தேர்தலோ பண்டிகையோ நெருங்கினால் தபால் குவியும். பெரும்பாலும் 'சமூக விரோதிகள் அசம்பாவிதத்தில் ஈடுபடக்கூடும், உஷாராக இருக்கவும்' என்ற ரகம்தான். எந்த இடம், யார், எப்போது என்று ஒன்றும் இருக்காது. இதை வைத்து ஒரு இன்ஸ்பெக்டர் என்னதான் செய்வார்? கோப்பில் சேர்ப்பார். நாளைக்கு ஏதாவது வெடித்தால், 'நாங்கள்தான் அப்போதே சொன்னோமே' என்று அனுப்பியவர் தப்பித்துக்கொள்ளலாம்.

துல்லியமான தகவல் மட்டும் கிடைத்துவிட்டால் தடுத்துவிடலாம் என்பார்கள். இலங்கையில் அதுவும் கிடைத்தது. 2019 ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவிலிருந்து தகவல் போய்விட்டது. தாக்கப்போவது தீவிரவாதி சஹ்ரான் ஹாஷிமின் குழு, இலக்கு தேவாலயங்கள் என்ற அளவுக்கு விவரம். 9ஆம் தேதி அது போலீஸ் மா அதிபருக்கு, அதாவது அந்நாட்டுக் காவல்துறைத் தலைவருக்கு, கடிதமாகப் போனது. 16ஆம் தேதி காத்தான்குடி அருகே மோட்டார் சைக்கிள் ஒன்றை வெடிக்கவைத்து ஒத்திகையே பார்த்துவிட்டார்கள். 21ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இடையில் 11ஆம் தேதி ஒரு டி.ஐ.ஜி. கையெழுத்தில் போன கடிதத்தைப் பற்றிப் படித்தபோது, என் மேசையில் புரண்ட காகிதங்கள் நினைவுக்கு வந்தன. அது அமைச்சர்கள், நீதிபதிகள், தூதரகங்கள் போன்றோருக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவுகளுக்குப் போனது. தேவாலயங்களுக்குச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் பூசைகளையே ரத்து செய்திருப்பேன் என்றார் கர்தினால் மால்கம் ரஞ்சித். ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சே சரியில்லாத நேரம் வேறு. 2023இல் உச்ச நீதிமன்றம் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானம் கடத்தியவர்களில் இருவரை சி.ஐ.ஏ. 2000ஆம் ஆண்டிலேயே கவனித்திருந்தது. கண்காணிப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியதோ 2001 ஆகஸ்ட் கடைசியில்தான். என் தகவல், உன் தகவல் என்ற பாகுபாடு எந்த நாட்டு அலுவலகத்திலும் உண்டு. அதைச் சுலபமாகத் திட்டிவிடவும் முடியாது. தகவல் பலர் கைக்குப் போனால் அதைத் தந்தவன் உயிர் போகலாம். அதற்காக யார் என்ன செய்ய வேண்டும் என்பதையுமா மறைப்பது?

எங்களிடம் ஒரு டி.எஸ்.பி. இருந்தார். சுற்றறிக்கை அனுப்பியாச்சு சார் என்றால் காதில் வாங்கமாட்டார். "போனது இருக்கட்டும். ராத்திரி அங்க யாருய்யா நிக்கிறான்? பேரச் சொல்லு" என்பார். சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பெயரும் நேரமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். தகவல் எங்கிருந்து வந்தது என்று மறுமுனையில் கேட்டால், "அது உனக்கு வேண்டாம், பின்வாசலைப் பூட்டு" என்று மட்டும் சொல்வார். எரிச்சலான வேலை. பல ராத்திரிகள் ஒன்றுமே நடக்காது. வீணாக அலைக்கழிக்கிறார் என்று மேலே புகார்கூடப் போனது. ஒருவேளை அந்தக் காவலால்தான் நடக்கவில்லையோ என்று எப்படி நிரூபிப்பது?

அவர் மாற்றலாகிப் போனதும் அந்த நோட்டு நின்றுபோனது. அடுத்து வந்தவர் கேட்டதெல்லாம் அனுப்பியதற்கான நகல் கோப்பில் இருக்கிறதா என்பதுதான்.