அம்மாவைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பி, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா? என்னை எங்க வீட்டுல கொண்டு விடேன்" என்றார். நாற்பது வருடமாக அவர் வாழும் வீடு இது.

போன வருடமென்றால் "இதுதாம்மா நம்ம வீடு" என்று வாதாடியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம். இப்போது, "சரிம்மா, விடிஞ்சதும் காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன். கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார்.

இதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டும். கோவாவில் அமித் டயஸ் குழுவினர் மறதிநோய் உள்ள 81 குடும்பங்களில் ஓர் ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார்கள். அதில் பாதிக் குடும்பங்களின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு மாதம் போனார்கள். டாக்டர்கள் இல்லை. நோயைப் புரியவைத்தார்கள், நோயாளி ஆத்திரப்படும்போது எப்படிச் சமாளிப்பது என்று காட்டினார்கள். தேவைப்பட்டால்தான் மனநல மருத்துவர். பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் நன்றாகவே தேறியது.

நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழு, மறதிநோய் உள்ள கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட 406 பேரிடம் செய்த ஆய்வும் உண்டு. தனியாக ஆலோசனை, அப்புறம் குடும்பத்தைக் கூட்டிவைத்துப் பேச்சு. உதவி பெற்றவர்கள், நோயாளியைக் காப்பகத்துக்கு அனுப்பாமல் சராசரியாக 557 நாள் கூடுதலாக வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிந்ததாம். ஒன்றரை வருடம்!

அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை எழுதினார்கள். "நீங்க தூங்குறீங்களா?" என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

கோவாவில் போன மாதிரி ஒருவர் ஒவ்வொரு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் வர வேண்டும். அதுவரை நாம்தான். அக்காவிடம் முதல்முறையாக வாய்விட்டு உதவி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.