முள்ளங்கிப் பருவம்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

முதல் பெட்டி வந்துவிட்டது. மூன்று மாதம் வீடு வீடாகப் பேசினோம். தலையாட்டியவர்களில் பாதிப் பேர் பணம் என்றதும் காணாமல் போனார்கள். கடைசியில் 28 குடும்பங்கள் தேறின. பத்து வாரத்துக்கான பணத்தை முன்கூட்டியே அக்காவின் கையில் கொடுத்திருக்கிறோம். அக்கா என்றால் உறவுக்காரர் அல்லர். எங்களுக்காகப் பயிர் வைப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா.

ஏற்பாடு இதுதான்: அவருடைய நிலத்தில் அந்த வாரம் என்ன விளைகிறதோ அது 28 பங்காகும். கூட விளைந்தால் கூட வரும், குறைந்தால் குறைவாக வரும், ஒன்றுமே விளையாவிட்டால் வெறும் பெட்டிதான். மழை, வெயில், பூச்சி எல்லாவற்றிலும் நமக்கும் பங்கு உண்டு. கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். வெறும் பெட்டியைப் பார்த்த பிறகும் தட்டுவார்களா என்பதில், கணக்கு எழுதுகிறவனாகிய எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

இன்றைய பெட்டியில் முட்டைக்கோஸ் ஒன்று, கீரை இரண்டு கட்டு, பீன்ஸ், கேரட், அப்புறம் முள்ளங்கி. இலையோடும் மண்ணோடும் வந்த முள்ளங்கி. கழுவி முடிப்பதற்குள் தொட்டி அடைத்துக்கொண்டது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். மகள் மேஜை மேல் பரப்பியிருந்ததைச் சுற்றி வந்து, “அப்பா, இதில் எது குப்பை?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. முள்ளங்கி இலையைச் சமைக்கலாம் என்பது எனக்கே இன்றுதான் தெரியும்.

பிப்ரவரி 5, புதன்

ஏதோ நாங்களே கண்டுபிடித்த ஏற்பாடு என்பதுபோலச் சிலர் பேசுகிறார்கள். (அந்தச் சிலரில் நானும் உண்டு.) ஜப்பானில் இதற்கு ‘தெய்க்கெய்’ என்று பெயர்; கூட்டு, கைகோத்தல் என்று பொருள் சொல்லலாம். அங்கே 1971-இல் இயற்கை வேளாண்மைக்கான சங்கம் ஒன்று உருவானது. 1978-இல் தெய்க்கெய்க்குப் பத்து நெறிகளை வகுத்தார்கள். அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸிலும் நியூஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே போன்ற பங்குமுறையைத் தொடங்கின. பிரான்சில் 2001-இல் முதல் குழு.

அந்தப் பத்து நெறிகளில் மூன்றாவதை இரண்டு முறை படித்தேன். முன்கூட்டிப் பேசித் திட்டமிட்டு விளைவித்ததை, வாங்குகிறவர் முழுவதுமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய சாப்பாடு முடிந்தவரை அதைச் சார்ந்தே அமைய வேண்டும். அதாவது, எனக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போகும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நிலம் பட்டியல் எழுதும், நான் சமைப்பேன். சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று அவமானப்பட்டேன். எனக்கு நானே செய்துகொண்ட அவமானம்.

பண்ணை இங்கிருந்து 19 கிலோமீட்டர். அதை வரைபடமாக வரைந்து, பெட்டி வாங்கும் இடத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வரும் காய்கறியோடு ஒப்பிட்டுப் பெருமையாக ஒரு வரியும் எழுதியிருந்தேன். உள்ளூர் விளைச்சலை மட்டும் தேடி உண்பவரைக் குறிக்கும் ‘லோக்கவோர்’ என்ற சொல்லை 2007-இல் ஓர் ஆங்கில அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. எனக்கு அப்போதிலிருந்து இந்தக் கிலோமீட்டர் பித்து உண்டு.

இன்று வாசலில் நின்று எண்ணினேன். அக்காவின் சின்ன வேன் போக வர 38 கிலோமீட்டர் ஓடி 28 பெட்டிகளை இறக்கியது. அவற்றை எடுத்துப் போக 28 வண்டிகள் வந்தன. ஒவ்வொன்றும் போக வர நான்கு கிலோமீட்டர் என்று வைத்தாலும் 112 கிலோமீட்டர். வேன் ஓடியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கை நாங்களே ஓடித் தீர்த்திருக்கிறோம்.

இரவு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் வெளியிட்ட கணக்கை எடுத்துப் பார்த்தேன். அமெரிக்கக் குடும்பங்கள் உண்ணும் உணவால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் சுமார் 83 சதவீதம் விளைவிக்கும், உற்பத்தி செய்யும் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. எல்லாப் போக்குவரத்தும் சேர்ந்து 11 சதவீதம். விளைந்த இடத்திலிருந்து கடைக்கு வந்து சேரும் பயணம் மட்டும் என்றால் 4 சதவீதம்தான். எங்கே விளைந்தது என்பதைவிட எது, எப்படி விளைந்தது என்பதே பெரிய கேள்வி.

வரைபடத்தைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து நான்கு வீட்டுக்கு ஒருவர் வந்து எடுத்துப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்றாவது பெட்டி. மூன்றாவது முறையாக முள்ளங்கி.

காலையிலேயே தொலைபேசி. “சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இவ்வளவு காயை நாங்கள் மூன்று பேர் எப்படித் தின்று தீர்ப்பது?” தராசை எடுத்து எங்கள் பெட்டியை நிறுத்தேன். எல்லாம் சேர்த்து 6 கிலோ 200 கிராம்.

ஒருவர் நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று பேருக்கு ஒரு வாரத்துக்கு 8 கிலோ 400 கிராம். தீராது என்று நாங்கள் புலம்புகிற பெட்டி, தேவையில் முக்கால் பங்குதான் வருகிறது! பழம் தனியாக வாங்குகிறோம் என்றாலும், இந்தப் பெட்டியைக் கண்டு மலைக்கிற அளவுக்கு இத்தனை நாளும் எவ்வளவு குறைவாகத் தின்றிருக்கிறோம். இதைக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

அக்கா தொலைபேசியில் சொன்னது, மறப்பதற்குள்: முள்ளங்கியை இலையோடு வைக்கக் கூடாது. பறித்த பிறகும் இலை கிழங்கிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் கிழங்கு ரப்பர்போல வளையும். வந்தவுடன் இலையை நறுக்கித் தனியே வைத்து, அதை முதலில் சமைத்துவிட வேண்டும். கிழங்கை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும்.

“இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“நீ கேட்கவில்லையே, தம்பி. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.”

மார்ச் 2, ஞாயிறு

பதினொரு பேர் பண்ணைக்குப் போய்வந்தோம்.

மருந்து தெளிக்காத காய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்காவிடம் சான்றிதழ் இல்லை. அதற்கான செலவும் தாள் வேலையும் இந்த அளவு நிலத்துக்குக் கட்டுப்படியாகாது. வாங்குகிறவர்களும் பக்கத்து விவசாயிகளும் நேரில் போய்ப் பார்த்து உறுதி சொல்கிற முறை ஒன்று உலகில் பல நாடுகளில் இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாத முறை என்பார்கள். 2004-இல் பிரேசிலின் டோரஸ் நகரில் கூடி அதற்குப் பொது வடிவம் பற்றிப் பேசினார்கள். நாங்கள் அவ்வளவு முறையாகச் செய்யவில்லை. ஆனால் கண் இருக்கிறது, கேட்க வாய் இருக்கிறது.

எங்கள் குழுவில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எருக்குவியலில் கைவிட்டு முகர்ந்து பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கு வேலியோரம் நான்கு வரிசை மக்காச்சோளம் நின்றது. எதற்கு என்று கேட்டோம். பக்கத்து நிலத்துக்காரர் மருந்தடிப்பார். காற்றில் வருவதை இந்த வரிசைகள் தாங்கிக்கொள்ளும். இவற்றிலிருந்து ஒரு கதிரைக்கூட உங்கள் பெட்டியில் போட மாட்டேன் என்றார். யாரும் கேட்காமலே விடப்பட்ட நான்கு வரிசை. எனக்கு அதுவே சான்றிதழாகப் போதும். ஆசிரியைக்குப் போதவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அப்படி ஒருவர் இருப்பது நல்லதுதான்.

இலையெல்லாம் ஏன் ஊசி குத்தியதுபோல ஓட்டையாக வருகிறது என்பதும் தெரிந்தது. கடுகளவு கறுப்பு வண்டு. கையை நீட்டினால் துள்ளி மறைகிறது. விதைத்த நாளிலேயே மெல்லிய வலைத்துணியால் மூடினால் அண்டாது. இரண்டு வரிசைக்குத் துணி போதவில்லை. ஓட்டை இலைகள் அந்த இரண்டு வரிசையில் விளைந்தவை.

“பிடுங்கிப் பார்” என்றார். இலையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இலை கையோடு வந்தது, கிழங்கு மண்ணோடு நின்றது. அக்கா குனிந்து, கட்டைவிரலால் செடியைச் சுற்றி மண்ணை ஒதுக்கினார். வெள்ளையாக ஒரு விளிம்பு மேலே தெரிந்தது. “தோள் தெரிகிறதா? தோள் இவ்வளவு வந்தால் எடுக்கலாம். தலைமுடியைப் பிடித்து இழுத்தால் யார் வருவார்கள்?” அடுத்ததை அடியில் பிடித்து லேசாகத் திருகி எடுத்தேன். மண்ணிலிருந்து விடுபடும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் ஆறு பிடுங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்து நாளாகத் தகிக்கிற வெயில். இன்று பெட்டியில் பாதிதான் இருந்தது. மேலே ஒரு துண்டுத் தாளில் அக்காவின் கையெழுத்து: “கீரை பூத்துவிட்டது. முள்ளங்கி நெட்டி விழுந்துவிட்டது. தின்னக்கூடியதை மட்டும் போட்டிருக்கிறேன்.”

நறுக்கிப் பார்த்தேன். சுமாரானதில்கூட நடுவில் பஞ்சுபோல வெளுத்து, வெற்றிடமாக இருந்தது.

மாலையில் இரண்டு குடும்பங்கள் விலகுவதாகச் சொன்னார்கள். மீதி வாரங்களுக்கான பணம் வேண்டுமாம். முதல் கூட்டத்தில் சத்தமாகக் கை தட்டியவர்களில் ஒருவர் அவர்களில் இருந்தார். பணம் விதையாகி, உரமாகி, கூலியாகிப் போய்விட்டது, எதைத் திருப்பித் தருவது என்று கேட்டேன். “நாங்கள் காய் வாங்கத்தானே வந்தோம், விவசாயம் செய்யவா வந்தோம்?” என்றார். போனை வைத்த பிறகு எனக்கு நல்ல நல்ல பதில்களாகத் தோன்றின.

மார்ச் 11, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

பாலை எடுத்து வைக்கும்போது குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். அடியில், செய்தித்தாளுக்குள், மூன்று கட்டு முள்ளங்கி. ஒன்று பிப்ரவரி 16-ஆம் தேதியதாக இருக்க வேண்டும். இலை கரும்பச்சைக் குழம்பாக உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழங்கில் விரல் உள்ளே போயிற்று. நாளை சமைக்கலாம், நாளை சமைக்கலாம் என்று நானே வைத்தவை. மனைவியும் மகளும் தூங்கிய பிறகு எல்லாவற்றையும் பையில் கட்டி, திருடனைப்போல வெளியே கொண்டுபோய்ப் போட்டேன்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையை இந்தக் குழுவுக்கு ஜனவரியில் அனுப்பியதே நான்தான். 2022-இல் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலுமாக வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். வீடுகள் என்று படித்தபோது வேறு யாருடைய வீடுகளையோ நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் விலகியவர் கேட்ட கேள்வி இப்போது வேறு மாதிரி கேட்கிறது. அவர் காய் வேண்டாம் என்று சொல்லி விலகினார். நான் வாங்கி வைத்து அழுகவிட்டேன். எது மேல்?

மார்ச் 23, ஞாயிறு

கூட்டம். மூன்று கட்டுக் கதையைச் சொல்லிவிட்டேன். ஒரு நொடி அமைதி. பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். முட்டைக்கோஸைப் புதைத்தவர், கீரையை வேலைக்காரம்மாவிடம் தள்ளிவிட்டவர், கேரட்டைப் பக்கத்து வீட்டு முயலுக்கே வாரம் தவறாமல் கொடுத்தவர். இத்தனை வாரமாக யாரும் பதில் போடாததன் காரணம் இதுதான் போலிருக்கிறது.

பெட்டி வாங்கும் இடத்தில், அந்த ஆணிக்குக் கீழே, ஒரு கூடை வைப்பது என்று முடிவாயிற்று. வேண்டாததை அதில் போடலாம், வேண்டியவர் எடுக்கலாம். இன்றே வைத்தோம். முள்ளங்கி மூன்று நிமிடத்தில் காலியானது. எடுத்தவர் அதை ஊறவைத்து ஜாடி ஜாடியாக அடுக்குகிறவராம். பருவம் முழுக்க எங்கள் நடுவிலேயே இருந்திருக்கிறார்.

கடினமான பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. கீரை தள்ளிவிடப்பட்ட அந்த அம்மா, தானும் ஒரு பங்கு சேரலாமா என்று கேட்டிருக்கிறார். ஆனால் பத்து வாரப் பணத்தை ஒரே தவணையில் தர இயலாது. நல்ல சாப்பாடு, உள்ளூர்ச் சாப்பாடு என்று நாங்கள் பேசுவதெல்லாம் முன்பணம் கட்ட முடிந்தவர்களுக்குள் நடக்கிற பேச்சு என்பது அப்போது பட்டது. பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி நகரம் 1993-இல் உணவை மக்களின் உரிமையாக அறிவித்து, மலிவு உணவகங்களை நடத்தியது, விவசாயிகள் நேரடியாக விற்க நகரத்துக்குள் இடம் கொடுத்தது. அது நகராட்சி செய்த வேலை. 26 குடும்பங்களால் என்ன முடியும்?

ஆசிரியை ஒரு வழி சொன்னார். நியூஹாம்ப்ஷயரில் 1986-இல் தொடங்கிய பண்ணையில் பங்குக்கு ஒரே விலை கிடையாது. ஆண்டுச் செலவை எல்லோர் முன்னும் வைத்து, அவரவர் தம்மால் இயன்ற தொகையைச் சொல்லி, மொத்தம் நிரம்பும்வரை பேசுவார்கள். இங்கும் செய்து பார்க்கலாமே என்றார். தாள் சுற்றி வந்தது. இரண்டு சுற்றில் அடுத்த பருவத்துக்கான தொகை நிரம்பி, மூன்று பங்குகளுக்கு வாரா வாரம் இயன்றதை மட்டும் வாங்கலாம் என்ற அளவுக்கு மீந்தது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். சில தொகைகளை நான் எதிர்பார்க்கவில்லை, இரு பக்கமும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடைசிப் பெட்டி. பூசணி பாதி, பீன்ஸ், கொஞ்சம் தக்காளி. முள்ளங்கி இல்லை என்று நினைத்தேன்.

அடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே விரல் நீளத்தில், நுனி கூர்ந்த பச்சைக் காய்கள். எடுத்து வந்த அக்காவின் மகனிடம் கேட்டேன். நெட்டி விழுந்த வரிசைகளில் ஒன்றை அம்மா பிடுங்காமல் விட்டுவிட்டார் என்றான். செடி இடுப்பளவு உயர்ந்து வெள்ளையாகப் பூத்தது, தேனீக்கள் மொய்த்தன, பூவெல்லாம் காயாயிற்று. பாதியை விதைக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பங்கு போட்டிருக்கிறார். பிஞ்சாக இருக்கும்போது பச்சையாகவே தின்னலாமாம். கடித்தேன். முதலில் தண்ணீர், பிறகு முள்ளங்கியின் காரம் மூக்குவரை ஏறியது.

நோட்டில் எழுத உட்கார்ந்தேன். இலைக்கு ஒரு கட்டம், கிழங்குக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்; காய்க்கு இல்லை. ஓரத்தில் கோடு கிழித்து ‘முள்ளங்கிக் காய், 14’ என்று எழுதினேன். தட்டைத் திரும்பிப் பார்த்தபோது ஒன்பதுதான் இருந்தன. மகள் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வர, தண்ணீர்ச் செம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.