ரோலர் டெர்பி: சுற்றுக் கணக்கை விட்டுச் சுவருக்கு வந்தபின்

ஐந்து நிமிடத்தில் 27 சுற்று. சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு இரு அணிகள் நீள்வட்டத் தடத்தில் மோதும் ரோலர் டெர்பிக்குப் புதிதாக வருகிற பலரையும் முதலில் மிரட்டுவது இந்த எண்தான். ஒரு சுற்றுக்குச் சுமார் பதினொரு நொடி. பல குழுக்கள் இதை நுழைவுத் தேர்வு மாதிரி வைத்திருந்தன, எங்கள் குழுவில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைத் தாண்டும்வரை என்னைப் பயிற்சிக்கு யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. தாண்டிய பிறகு ஸ்கேட்டை எடுத்துப் பையில் வைக்கவே சோம்பலாகிவிட்டது. குழுவில் சேர்ந்தாயிற்று, சட்டையில் எண்ணும் போட்டாயிற்று, அப்புறம் என்ன?

யோசித்துப் பார்த்தால் அந்த எண்ணுக்கும் ஆட்டத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இப்போதைய ஆட்டத்தில் இரு அணிகளின் பிளாக்கர்களும் (மறித்துத் தடுப்பவர்கள்) சேர்ந்து நிற்கும் பேக் என்ற கூட்டம் பெரும்பாலும் ஊர்ந்துதான் நகரும், சில நேரம் அப்படியே நின்றுவிடும். 1935ல் சிகாகோவில் லியோ செல்ட்ஸர் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது அது ஆயிரக்கணக்கான மைல் கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும் நெடும்பந்தயம். அந்தக் காலத்து ஆளாக இருந்திருந்தால் சுற்றுக் கணக்கே போதும். 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டினில் மறுபடி உயிர்பெற்று, தட்டையான தரையில் ஆடப்படும் இன்றைய டெர்பியில் பிளாக்கருக்கு வேண்டியது வேறு. நிற்கத் தெரிய வேண்டும், எதிராளியின் எடையைத் தாங்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நகரத் தெரிய வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆட்டம் ஜாம் எனப்படும் சிறு பகுதிகளாக நடக்கும், ஒவ்வொரு ஜாமிலும் ஒரு அணிக்கு ஐந்து பேர். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டவர் ஜாமர், மற்ற நான்கு பேர் பிளாக்கர்கள். ஒரு ஜாம் அதிகபட்சம் இரண்டு நிமிடம். முதல் முறை பேக்கைத் தாண்டி வந்த பிறகு, ஜாமர் முந்துகிற ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. ஆக, எதிரணி ஜாமரை முடிந்தவரை பின்னால் நிறுத்தி வைப்பதே எங்கள் வேலை. அதற்காகத்தான் மூன்று பேர் சேர்ந்து முக்காலி மாதிரி ஒரு சுவர் கட்டுகிறோம். இரண்டு பேர் ஜாமருக்கு முதுகு காட்டி, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்த நிலையில் இருப்பார்கள். மூன்றாமவர் அவர்களுக்கு முன்னால், அவர்களைப் பார்த்துத் திரும்பி, டோ ஸ்டாப் (ஸ்கேட் நுனியில் இருக்கும் ரப்பர் தடை) மேல் எழுந்து நின்று தாங்கிப் பிடிப்பார். இவர்தான் பிரேஸ்.

பயிற்சியாளர் ஒருநாள் என்னை பிரேஸாக நிற்கச் சொன்னார். வழக்கமாக அந்த இடத்தில் நிற்பவர் காயத்தில் இருந்தார், அவ்வளவுதான் காரணம். அங்கே நின்றதும் ஒன்று புரிந்தது: முதுகு காட்டி நிற்கிற இருவருக்கும் பின்னால் வருகிற ஜாமர் கண்ணில் படுவதே இல்லை. என்னுடைய முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் “உள்ளே!” என்று கத்தினால் உள்கோட்டுப் பக்கம் நகர்கிறார்கள், “வெளியே!” என்றால் வெளிப்பக்கம். அரை நொடி தாமதமாகக் கத்தினால் இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் இடைவெளி விழுந்துவிடுகிறது. பயிற்சி முடிந்து முழங்கால் காப்பைக் கழற்றும்போது அந்த இருவரில் ஒருவர் சொன்னார்: “உன் கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துத்தான் நான் நகர்றேன். நீ கத்துறது அப்புறம்தான் காதுல விழுது.”

அன்றைக்குப் பிறகு பயிற்சிக்குப் போக எனக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ‘நல்ல ஸ்கேட்டராக ஆக வேண்டும்’ என்பது ரொம்பப் பெரிய ஆசை, அதை எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்றே தெரியாது. ‘இந்த இருவருக்கும் சரியான நேரத்தில் சரியான பக்கம் சொல்ல வேண்டும்’ என்பதை நாளைக்கே பழகிப் பார்க்கலாம்.

அப்படிப் பழகியவற்றில் அதிகம் உதவியது காணொளி. பழைய ஆட்டங்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ஜாமர் சுவரை நெருங்கும்போது நிறுத்தி, எந்தப் பக்கம் போவார் என்று ஊகித்துவிட்டு மறுபடி ஓடவிடுவேன். தோளும் கண்ணும் நன்றாகப் பொய் சொல்லும், இடுப்பு அவ்வளவாகச் சொல்லாது. இதை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள்தான், ஆனால் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தபோதுதான் எனக்குள் இறங்கியது.

இரண்டாவது சங்கதி டோ ஸ்டாப். துடைக்கலாம் என்று ஸ்கேட்டைக் கவிழ்த்தபோது பார்த்தேன். வலது கால் டோ ஸ்டாப் ஒரு பக்கமாகச் சரிவாகத் தேய்ந்து, ரப்பரின் விளிம்பு கத்தி மாதிரி ஆகியிருந்தது. இடது கால் டோ ஸ்டாப்போ கிட்டத்தட்ட புதிது, அச்சில் வார்த்த கோடுகூட அழியவில்லை. ஜாமரின் தள்ளலை இத்தனை நாளும் ஒற்றைக் காலில்தான் தாங்கியிருக்கிறேன். டெர்பியில் எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுகிறோம் என்பதால் எல்லோருக்குமே ஒரு பக்கம் தேர்ந்தும் மறுபக்கம் மந்தமாகவும் இருக்கும். இதை யாரும் வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். ரப்பரில் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

அதனால் வார்ம்-அப் சுற்றுகளில் பாதியைத் திசை மாற்றி, கடிகாரத் திசையில் போகிறேன். கால்களை அகட்டித் தரையில் அழுத்தி நிறுத்தும் பிளவ் ஸ்டாப்பைக் கெட்டிக்காரப் பக்கத்தில் ஒன்று, மந்தப் பக்கத்தில் இரண்டு என்று போடுகிறேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. முதலில் ஏதோ கிறுக்குத்தனம் என்று பார்த்தார்கள், இப்போது இன்னும் ஓரிருவர் கூடச் சுற்றுகிறார்கள்.

பெனால்டி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பெனால்டிக்கு 30 நொடி ஆட்டத்துக்கு வெளியே பெனால்டி பெட்டியில் உட்கார வேண்டும், ஏழு ஆனால் ஆட்டத்திலிருந்தே வெளியே. பிரேஸாக நிற்கிறவருக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. கூட்டாளிகளைத் தொட்டுத் தாங்கலாம், ஆனால் கைகளைக் கோத்துக்கொண்டு அந்தக் கோர்ப்பாலேயே எதிராளியைத் தடுத்தால் நடுவர் கை தூக்கிவிடுவார். நான் பெட்டியில் இருக்கிற அந்த அரை நிமிடம் சுவர் முக்காலியாக இல்லை, இரண்டு கால்தான். ஆட்டம் முடிந்ததும் என் பெனால்டிகளை மட்டும் கேட்டு வாங்கி நோட்டில் எழுதி வைக்கிறேன். புள்ளிக் கணக்கைவிட நோட்டின் அந்தப் பக்கம்தான் என்னை அடுத்த பயிற்சிக்கு இழுக்கிறது. இதைப் படித்துவிட்டு எல்லோரும் நோட்டு போட வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் ஜாமர் ஒருவருக்கு எழுதுவது என்றாலே ஆகாது, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு வெறுமனே சுற்றினால்தான் அவருக்கு உற்சாகம் வரும்.

வார்ம்-அப்பில் திசை மாற்றிச் சுற்றிய பழக்கத்துக்கு எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. நாம் ஜாமரை இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளினால் அவர் நமக்குப் பின்னால்தான் உள்ளே வர வேண்டும். எனவே தள்ளிய கையோடு பின்னோக்கி, அதாவது கடிகாரத் திசையில், டோ ஸ்டாப்பில் ஓடினால் அவரும் அவ்வளவு தூரம் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். நிறைய நேரம் மிச்சம். ஆனால் பேக்கிலிருந்து 20 அடிக்கு மேல் போய்விட்டால் ஆட்டப் பகுதியைத் தாண்டியதாகிவிடும், அப்புறம் ஓடியதற்குப் பலன் இல்லை. அந்த 20 அடி எங்கே முடிகிறது என்பது தலை நிமிராமல் ஓடும்போது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காயம் ஆறித் திரும்பி வந்திருக்கிற பழைய பிரேஸிடம் பேசிவிட்டேன். வருகிற வாரம் அவர் பேக்கோடு நின்றுகொண்டு, 20 அடி தாண்டும் நேரத்தில் என்னைக் கத்தி நிறுத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.