ப்ளாக்கின் கத்தாளைக்கு நிறம் பூசிப் பார்த்தேன்

மார்க்கஸ் எலியேசர் ப்ளாக் பெர்லின் நகரத்து மருத்துவர். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அவர் கொண்டுவந்த மீன் நூலில் 432 படங்கள் உள்ளன. செப்புத்தகட்டில் கோடு வெட்டி அச்சிட்டு, பிறகு தாள் தாளாகக் கையால் நிறம் பூசியவை. அந்தப் பூச்சு வேலையை என் கையால் செய்து பார்க்க வெகுநாள் ஆசை.

அந்நூலின் கத்தாளை மீன் படத்தைத்தான் எடுத்தேன். தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், நம் கரை மீன்களைச் சேகரித்து ப்ளாக்குக்கு அனுப்பிவந்தார். அவர் நினைவாகவே 1793இல் கத்தாளையின் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று ப்ளாக் பெயரிட்டார். இங்கே வலையில் விழுந்த மீன் பெர்லினில் படமாகியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

படம் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய நிறத்தை நீக்கிக் கோடு மட்டும் வேண்டுமென்றால், ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சிவப்புச் சேனலை, அதாவது படத்தின் சிவப்பு ஒளிப் பங்கை, மட்டும் வைத்துக்கொள்ளலாம். பழுப்பும் தாளின் மஞ்சளும் அதில் வெளிறிப்போகும், கறுப்புக் கோடு நிற்கும். லேசர் பிரிண்ட் எடுத்தால் கோடு தண்ணீரில் கரையாது. தாளுக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஜெலட்டினும் துளி படிகாரமும் கரைத்து ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டேன். இது இல்லாவிட்டால் நிறம் ஊறிப் பரவிவிடும்.

இனி முக்கியமான விஷயம். சாதாரண வாட்டர்கலர் படத்தில் நிழலை நாம்தான் கொண்டுவர வேண்டும். இங்கே நிழல் முழுவதையும் செதுக்கியவர் கோட்டிலேயே வைத்துவிட்டார். முதுகுப் பக்கம் கோடுகள் நெருங்குகின்றன, வயிற்றருகே விலகிப் புள்ளியாகின்றன. பூசுபவர் கோடு தெரியும்படி நீர்த்த நிறத்தை ஒரே சீராக ஓட்டினால் போதும், மீன் தானாக உருண்டு எழுகிறது. ஒரு பட்டறையில் பலர் உட்கார்ந்து மாதிரித் தாளைப் பார்த்துப் பூசியும் படங்கள் ஒன்றுபோல வந்ததற்கு இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. இந்தக் கலையில் பெரிய பங்கு செதுக்கியவருடையது என்றே சொல்வேன்.

முதுகுக்குப் பிரஷ்யன் நீலத்தில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு கலந்த சாம்பல். அந்த நீலமும் பெர்லினில் பிறந்ததே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நிறத்துக்கு ப்ளாக்கின் படத்தை மட்டும் நம்பவில்லை. சாராயத்தில் ஊறிய மீன் நிறமிழந்துவிடும், தூர தேசத்து மீன்கள் அவர் கைக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. அதனால் காலை ஏலத்துக்கு வந்த கத்தாளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துடுப்பில் ஒரு மெல்லிய மஞ்சள் இருந்தது, அதையும் சேர்த்தேன்.

கடைசியாக வெள்ளி. ப்ளாக்கின் படங்களில் செதில் மின்ன உலோகப் பூச்சும் சேர்த்திருக்கிறார்கள். உண்மையான வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தால் நாளடைவில் கறுக்கும். நான் மைக்காத் தூளைக் கருவேலம் பிசினில் குழைத்து, நுனித் தூரிகையால் செதில் முகடுகளில் மட்டும் தொட்டேன். கனமாகப் போனால் கோட்டை மூடிவிடும். தாளைச் சாய்த்தால் மட்டும் மின்ன வேண்டும், இப்போது அப்படித்தான் மின்னுகிறது.

அடுத்து, இயற்கை ஆய்வாளர் பேட்ரிக் ரஸ்ஸல் 1803இல் வெளியிட்ட விசாகப்பட்டினத்து மீன்கள் பற்றிய நூலின் படங்கள். நான் பார்த்த பிரதியில் நிறமே இல்லை, வெறும் கோடுதான். அதனால் சேனல் வேலை தேவையில்லை. ஆனால் மாதிரித் தாள் கிடையாது, நிறம் முழுக்க மீன் சந்தையிலிருந்துதான் வர வேண்டும்.